மார்ச் கடைசியில் பனிச்சறுக்கு: எந்த ஊரை நம்பிப் போகலாம்?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். குன்னூரில் காட்டேஜ் நடத்தும் குடும்பம், கணவன் மனைவி, பதின்மூன்றும் ஒன்பதும் வயதில் இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிவது மார்ச் மூன்றாம் வாரம். ஏப்ரல் பாதியில் சீசன் கூட்டம் ஏற ஆரம்பித்தால் மே கடைசி வரை நகர முடியாது. ஆக மார்ச் 25 முதல் ஏப்ரல் 5 வரைதான் கையில் இருக்கிறது. நால்வருக்கும் ஸ்கீயிங் தெரியாது, கற்றுக்கொள்ள ஆசை. காஷ்மீரின் குல்மார்க் போகும் பேக்கேஜ் ஒன்றில் ‘பனிக்கு கேரண்டி’ என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா, இல்லையென்றால் வேறு எங்கே போவது?

நான் பிரெஞ்சு ஆல்ப்ஸில் ஓர் ஓட்டல் கிச்சனில் சில சீசன் வேலை பார்த்துவிட்டு இப்போது கோத்தகிரியில் இருப்பவன், குல்மார்க்கும் தெரியும். நேராகச் சொல்கிறேன்: உங்கள் தேதிக்கு, அதுவும் முதல்முறை கற்றுக்கொள்பவர்களுக்கு, திரும்ப வராத பணத்தைக் கட்டி குல்மார்க் போக வேண்டாம். பட்ஜெட் தாங்கினால் பிரான்ஸில் வால் தொரான்ஸ், அல்லது ஆஸ்திரியாவில் ஒபர்குர்கல். நடுத்தரச் செலவு என்றால் கஜகஸ்தானில் அல்மாட்டிக்கு மேலே இருக்கும் ஷிம்புலாக். குல்மார்க்தான் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அந்த கேரண்டி பொய் என்று சொல்ல மாட்டேன். எதற்கு கேரண்டி என்று கேளுங்கள், அவ்வளவுதான். குல்மார்க்கில் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை போகிறது, அங்கே மே மாதம் போனாலும் பனி கிடக்கும், நீங்கள் அதில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். விற்பவர் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டுவிடும். ஆனால் நீங்கள் ஸ்கீ கற்றுக்கொள்ளும் இடம் அதுவல்ல.

உயரத்திலிருந்து ஆரம்பிப்போம். தொட்டபெட்டா 2,637 மீட்டர். குல்மார்க் புல்வெளி ஏறக்குறைய 2,650. இரண்டும் ஒரே உயரம் என்றே வைத்துக்கொள்ளலாம், ஆனால் நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில், அவர்கள் இருப்பது 34-இல். இன்னொரு பக்கம் பின்லாந்தில் லெவி என்று ஒரு இடம், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, மலை உச்சியே 531 மீட்டர்தான், நம் கோயம்புத்தூரைவிட நூறு மீட்டர் சொச்சம் அதிகம், அவ்வளவே. அங்கே மே தொடக்கம் வரை சறுக்குகிறார்கள். அதனால் வெறும் உயரத்தை வைத்து ஒரு ஊரை இன்னொரு ஊரோடு ஒப்பிடக் கூடாது. ஒரே மலைத்தொடருக்குள் ஒப்பிடும்போது மட்டும் உயரம்தான் எல்லாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் 35 அடிக்கும்போது ஊட்டியில் 22, 23 இருப்பதும் அதே கணக்குதான், காட் ரோட்டில் கார் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, விளம்பரத்தில் போடும் உயரம் எது? எப்போதும் உச்சி. சுவிட்சர்லாந்தின் செர்மாட் என்றால் 3,883 மீட்டர் என்று பெரிதாகப் போடுவார்கள், ஊர் இருப்பது 1,620-இல். முதல் மூன்று நாள் நீங்கள் உச்சிக்கே போகப்போவதில்லை. பயிற்சிச் சரிவு என்று ஒன்று இருக்கும், லேசான சாய்வு, கன்வேயர் பெல்ட் மாதிரி ஒரு லிஃப்ட், குழந்தைகள் வரிசையாக நிற்பார்கள், அங்கேதான் உங்கள் காலம் போகும். அந்தச் சரிவு எந்த உயரத்தில் இருக்கிறது, அது எந்தத் திசையைப் பார்க்கிறது, அந்த லிஃப்ட் எந்தத் தேதியில் மூடுகிறது, இந்த மூன்றும்தான் உங்களுக்கு வேண்டிய கேள்விகள். உச்சியில் நாலு மீட்டர் பனி இருந்து என்ன பயன், பயிற்சிச் சரிவு சேறாகக் கிடந்தால்? பெரும்பாலான கட்டுரைகள் ஓரளவு ஓட்டத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை, அவர்கள் காலையில் நேராக மேலே போய்விட்டு சாயங்காலம் கேபிள் காரில் கீழே வந்துவிடுவார்கள், கீழே பனி இல்லாதது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. அந்தப் பட்டியல்களைப் படித்துவிட்டு இடம் தேர்ந்தெடுத்தால் மாட்டிக்கொள்வது கற்றுக்கொள்ளப் போகிறவர்கள்தான்.

இந்தக் கணக்கில் குல்மார்க்கைப் பாருங்கள். கற்றுக்கொடுக்கும் சரிவுகள் ஊரை ஒட்டிய திறந்த மேட்டில், 2,650 மீட்டரில், வெயில் நன்றாக விழும் இடத்தில் இருக்கின்றன. பிப்ரவரியில் அருமை. மார்ச் கடைசியில் காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் சரியாக இருக்கும், அப்புறம் சர்பத் ஐஸ் மாதிரி ஆகிவிடும், ஓரங்களில் புல் எட்டிப் பார்க்கும். கேபிள் காரின் முதல் கட்டம் போய் நிற்கும் கொங்டூரி கிட்டத்தட்ட 3,080 மீட்டர், அங்கே இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் அது முதல் நாள் ஆளுக்கான சரிவு இல்லை. அதற்கும் மேலே அஃபர்வட் பக்கம் இருப்பது சீர்படுத்தாத மலை, பனிச்சரிவு அபாயம் உள்ள இடம். 2024 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் ஒரு ரஷ்யர் இறந்தார். யாராவது ‘மேலே கூட்டிப் போய் அங்கேயே சொல்லித் தருகிறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குல்மார்க்கில் இன்னொரு சிக்கல், வருடத்துக்கு வருடம் ஆட்டம் அதிகம். அங்கே பனி கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிளம்பி மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள். அவை வரிசையாக வந்தால் கொட்டும், ஒரு மாதம் வராமல் போனால் ஒன்றும் இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி காய்ந்து பழுப்பாகக் கிடந்த படங்கள் நாடு முழுக்கச் சுற்றின. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டி பனி போதாமல் தள்ளிப்போய் மார்ச்சில்தான் நடந்தது. அதாவது மார்ச்சிலும் நல்ல பனி விழலாம், விழாமலும் போகலாம், டிசம்பரில் உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது.

அதனால் குல்மார்க்குக்கு என் யோசனை: முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். விசா வேண்டாம், வேறு பேப்பர் வேலையும் இல்லை, கோவையிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகர் போய் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் ரோடு. ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் போட்டுவைத்துவிட்டு, பத்து நாள் முன்னால் பனி நிலவரத்தைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். டிக்கெட் விலை கூடத்தான் செய்யும், கொடுத்துவிடுங்கள், பனியில்லாத இடத்தில் ஐந்து நாள் ரூமுக்குள் உட்காருவதைவிட அது மலிவு. காஷ்மீரின் பாதுகாப்பு நிலவரத்தையும் அதே நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

உத்தராகண்டில் இருக்கும் அவுலி பற்றியும் கேட்பீர்கள். 2,500-லிருந்து 3,050 மீட்டர் வரைதான், மார்ச் பாதியோடு கதை முடிந்துவிடும். போதாததற்கு அடிவார ஊரான ஜோஷிமட்டில் நிலம் இறங்கியதால் 2023 ஜனவரியில் அங்கிருந்து அவுலிக்கு ஏறும் ரோப்வேயை வேறு நிறுத்திவிட்டார்கள். மணாலி பக்கத்து சோலாங் உங்கள் தேதிக்குக் கணக்கிலேயே இல்லை. வெறுமனே பனியைத் தொட்டு விளையாடினால் போதும் என்று பிள்ளைகள் சொன்னால் காஷ்மீரிலேயே சோன்மார்க் போகலாம். 2025 ஜனவரியில் ஆறரை கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்த பிறகு குளிர்காலத்திலும் ரோடு அடைபடுவதில்லை.

இப்போது திசை விஷயம். இதை யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. நான் வேலை பார்த்த கிச்சன் ஜன்னலிலிருந்து பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் தெரியும். ஏப்ரல் முதல் வாரத்தில் தெற்கைப் பார்த்த பக்கம் பாறையும் போன வருடத்துப் புல்லுமாகப் பழுப்பாக நிற்கும், எதிரே வடக்கைப் பார்த்த பக்கத்தில் கம்பி வேலியின் மேல் முனைகூடத் தெரியாத அளவுக்குப் பனி. உயரம் ஒன்று, விழுந்த பனியும் கிட்டத்தட்ட ஒன்று, வெயில்தான் வித்தியாசம். டிசம்பரில் சூரியன் தாழ்வாகப் போவதால் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, மார்ச் கடைசியில் அப்பட்டமாகத் தெரியும். ஜார்ஜியாவின் குடவுரியை நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் தேடுகிறார்கள், நல்ல இடம்தான், ஊர் இரண்டாயிரம் மீட்டர் ஒட்டி, உச்சி 3,200-க்கும் மேல், ஆனால் சரிவுகளில் பெரும்பகுதி தெற்கைப் பார்த்தவை. ஜனவரியில் அந்த வெயில் இதமாக இருக்கும், உங்கள் தேதியில் அதே வெயில்தான் எதிரி. அதனால் குடவுரியை நான் தள்ளிவிடுகிறேன்.

கடைசிக் காலத்துப் பனிக்கு ஒரு நாள்கணக்கு உண்டு. இரவில் உறையும், பகலில் இளகும். காலை ஒன்பது மணிக்குக் கல் மாதிரி இருக்கும், புதிதாகக் கற்பவருக்கு அது பயம். பத்தரையிலிருந்து ஒரு மணி வரை மேலே ஒரு விரல் அளவு இளகி, ஸ்கீயின் ஓரம் சுகமாகப் பிடிக்கும். இரண்டு மணிக்கு மேல் கஞ்சி, காலை இழுக்கும், முழங்கால் திருகிக்கொள்வது அந்த நேரத்தில்தான் நடக்கும். அதனால் பயிற்சி வகுப்பைக் காலையில் போடுங்கள், ஆனால் முதல் வகுப்பு வேண்டாம், இரண்டாவது. மதியத்துக்கு மேல் மலிவாகக் கிடைக்கும் வகுப்பை வாங்கவே வாங்காதீர்கள்.

இரவில் உறையுமா என்பதை வெப்பநிலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இதை நீலகிரிக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் காந்தலிலும் தலைகுந்தாவிலும் எந்த இரவில் உறைபனி விழுகிறது? வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவில். தெர்மாமீட்டர் இரண்டு மூன்று டிகிரி காட்டும்போதே புல் வெள்ளையாகியிருக்கும், ஏனென்றால் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் மூடினால் உறைபனி இல்லை. ஆல்ப்ஸ் பனிக்கும் அதே விதிதான். தெளிந்த இரவு என்றால் காற்று பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும் பனியின் மேல்தளம் உறைந்துவிடும், மேகமூட்டமோ மழையோ என்றால் இரவெல்லாம் இளகிக்கொண்டே இருந்து காலையிலேயே கஞ்சி. வானிலை முன்னறிவிப்பில் உறைநிலை உயரம் (காற்று பூஜ்ய டிகிரிக்கு இறங்கும் உயரம்) என்று ஒரு எண் கொடுப்பார்கள், அதோடு இரவு மேகம் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பலர் நம்பாத ஒரு விஷயம்: ஆல்ப்ஸில் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐநூறு மீட்டருக்கு மேலே பனியின் ஆழம் உச்சத்துக்கு வருவதே மார்ச் கடைசி, ஏப்ரலில்தான். குளிர்காலம் முழுக்க விழுந்தது சேர்ந்து கிடக்கும். அதனால் உயரமான இடத்தில் உங்கள் தேதி ‘கடைசி’ கூட இல்லை. பல ஊர்கள் ஏப்ரல் நடுவில் மூடுவது பனி தீர்ந்ததால் அல்ல, ஆள் வருவது குறைவதால். மூடும் தேதியை ஊரின் தளத்தில் பாருங்கள், அதிலும் பயிற்சி லிஃப்டுகள் முன்னாடியே மூடுகின்றனவா என்று தனியாகக் கேளுங்கள். செயற்கைப் பனி இயந்திரம் இருக்கிறது, கவலை வேண்டாம் என்பார்கள். ஈரப்பதமும் சேர்ந்த கணக்கில் மைனஸ் இரண்டு டிகிரிக்குக் கீழே போனால்தான் அந்த இயந்திரம் உருப்படியாக ஓடும். நவம்பர், டிசம்பரில் அடித்து வைத்த அடுக்கு கெட்டியாக இருந்து மெதுவாக உருகும், அந்த உதவி உண்டு. மார்ச் கடைசியில் புதிதாக அடித்துக் காப்பாற்றுவார்கள் என்று எண்ணாதீர்கள்.

வால் தொரான்ஸை முதலில் சொன்னதற்குக் காரணம் ஊரே 2,300 மீட்டரில் இருப்பதுதான், நம் ஊட்டி 2,240. பயிற்சிச் சரிவுகள் ஊருக்குள்ளேயே, வாசலில் இறங்கினால் பனி. நவம்பர் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை திறந்திருக்கும். அழகான ஊரா என்றால் இல்லை, எழுபதுகளில் கட்டிய அபார்ட்மெண்ட் பெட்டிகள், ஒரு மரம் கிடையாது. அந்த மரமில்லாததுதான் அதன் குறையும். மேகம் இறங்கினால் எது பனி, எது வானம் என்று தெரியாது, காற்று பலமானால் மேல் லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். ஏழு நாளில் ஒரு நாள் அப்படிப் போகலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒபர்குர்கல் 1,930 மீட்டர், பக்கத்தில் ஹோஹ்குர்கல் 2,150, கொஞ்சம் ஊர் மாதிரி இருக்கும், கூட்டமும் குறைவு, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு எனக்கு இதுதான் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும். பனியின் உறுதியில் வால் தொரான்ஸ் ஒரு படி மேல். ஆஸ்திரியாவிலேயே ஹின்டர்டக்ஸ் பனியாற்றில் வருடம் 365 நாளும் லிஃப்ட் ஓடுகிறது, ஆனால் அது தெரிந்தவர்களுக்கான மலை. அங்கேயே இருக்கும் கிட்ஸ்பூயல் பெயருக்கு மயங்க வேண்டாம், ஊர் 760 மீட்டர்தான். சுவிட்சர்லாந்தின் டிட்லிஸ், யுங்ஃப்ராவ்யோக் எல்லாம் நம் டூர்க்காரர்கள் கூட்டிப் போகும் இடங்கள், பனி பார்க்க எப்போது வேண்டுமானாலும் போகலாம், முதன்முதலாக ஸ்கீ கற்கப் போகும் இடம் அல்ல.

ஆல்ப்ஸில் ஈஸ்டர் வாரத்தைத் தவிருங்கள், அது மார்ச் கடைசியிலும் வரும், ஏப்ரலிலும் வரும், வாடகை எகிறிவிடும். அபார்ட்மெண்டுகள் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை. கிச்சன் உள்ள அபார்ட்மெண்டையே எடுங்கள், சைவம் என்றால் ஓட்டல் சாப்பாட்டில் சீஸும் உருளைக்கிழங்கும்தான் மாறி மாறி வரும். குக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் நல்லது, 2,300 மீட்டரில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. இதையும் மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லைதான்.

ஷிம்புலாக் அல்மாட்டி நகரத்திலிருந்து அரை மணி, முக்கால் மணி தூரம். மெதேவு என்ற இடத்திலிருந்து நாலரை கிலோமீட்டர் கேபிள் காரில் ஏறினால் 2,260 மீட்டரில் இறக்கிவிடும், பயிற்சிச் சரிவு அங்கேயே. மேலே 3,200 வரை லிஃப்ட் உண்டு. டெல்லியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, இந்திய பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம் (டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்). நகரத்திலேயே தங்கிக்கொண்டு தினம் போய்வரலாம், பனி சரியில்லாத நாளில் ஊர் சுற்றலாம். ஏப்ரலுக்குள் போகப் போக அடிச்சரிவு மதியத்தில் நன்றாகவே இளகும், அதனால் இங்கே போவதென்றால் உங்கள் தேதிகளில் முன்பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். லெவியும் கற்பவர்களுக்கு அருமையான இடம், சின்ன மலை, மெல்லிய சாய்வு, பனியும் நிச்சயம், ஆனால் அவ்வளவு தூரம் போகும் செலவில் ஆல்ப்ஸே முடிந்துவிடும்.

யார் சொல்வதையும் நம்பாமல் நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது, இலவசம். ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் கோப்பர்னிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் கிடைக்கும், 2017-லிருந்து சுமார் ஐந்து நாளுக்கு ஒரு படம். குல்மார்க்கைத் திறந்து, மார்ச் 25-ஐ ஒட்டி மேகமில்லாத ஒரு தேதியை ஒவ்வொரு வருடத்திலும் பாருங்கள். சாதாரண வண்ணத்தில் மேகமும் பனியும் ஒரே வெள்ளையாகத் தெரியும், குற்றலை அகச்சிவப்பு (SWIR) என்ற அமைப்புக்கு மாற்றினால் பனி நீலமாகிவிடும், மேகம் பெரும்பாலும் வெள்ளையாகவே நிற்கும். கேபிள் கார் நிலையத்தின் பக்கத்துப் புல்வெளி எத்தனை வருடம் நீலம், எத்தனை வருடம் பழுப்பு என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வால் தொரான்ஸையும் ஷிம்புலாக்கையும் இப்படியே பாருங்கள். வெப்கேம்களிலும் பல இடங்களில் போன வருடத்துப் படத்தைத் தேதி வாரியாகப் பார்க்கலாம், அதில் பயிற்சிச் சரிவு தெரியும் கேமராவைத் தேடுங்கள், உச்சிக் கேமரா எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

பிரான்ஸ், ஆஸ்திரியாவுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும், ஆனால் நீங்கள் ஜனவரிக்குள் சென்னையில் விசா வேலையை முடித்துவிடுவது நல்லது. சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் ஸ்கீயிங்கை விலக்கி வைத்திருக்கும், குளிர்கால விளையாட்டு சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். பிரான்ஸில் லிஃப்ட் பாஸோடு ‘கர்ரே நேழ்’ என்ற நாள் காப்பீடு சில யூரோவில் கொடுப்பார்கள், மலையிலிருந்து தூக்கி வரும் செலவுக்கு அது உதவும். சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்குத் துளையின் ஓரத்திலும் பூசுங்கள், புதுப் பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும்.

பூட்ஸ் வாடகைக்கு எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு சாக்ஸ்தான், இரண்டு போட்டால் குளிரும், நழுவும். நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் மேலே எழவே கூடாது. இளகின பனியில் பூட்ஸின் உள்ளுறை தினமும் நனையும், ராத்திரி அதைக் கழற்றி ஹீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், மேலேயே வைத்தால் சுருங்கிவிடும். பிள்ளைகளுக்குக் கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும், கம்பளி வேண்டாம், தண்ணீர் புகாத வகை. ஊட்டி மார்க்கெட்டில் கிடைப்பது கம்பளிதான், அதனால் கையுறையை மட்டும் வெளியே வாங்குங்கள்.